மாவு பூசாத முட்டைகள்

ஆல்டர்ஷாவில் கிளிஃபோர்ட் ஹார்கிரீவ்ஸுக்கு இரண்டு விஷயத்தில் பெயர். ஒன்று, உறைபனி நாளிலும் மில் தெரு மேட்டில் இரட்டை மாடி பஸ்ஸைப் பின்னால் உருளவிடாமல் ஏற்றிவிடுவான். இன்னொன்று, அவன் செய்யும் ஸ்காட்ச் முட்டை. வேகவைத்த முட்டையைச் சுற்றிப் பன்றிக்கறிக் கொத்தை அப்பி, ரொட்டித்தூளில் புரட்டி, கொழுப்பில் பொரித்து எடுக்கிற பண்டம். பெயர்தான் ஸ்காட்ச். ஸ்காட்லாந்துக்காரன் எவனும் இது எங்களுடையது என்று சண்டைக்கு வந்து நான் பார்த்ததில்லை.

நான் அவன் பஸ்ஸில் கண்டக்டர். பரமசிவம் என்ற பெயரை டெப்போவில் முதல் நாளே பேரி ஆக்கிவிட்டார்கள். பெயரை உடைத்தவன் கிளிஃபோர்ட்தான். வயதும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பதால் எங்களுக்குள் வாடா போடாதான்.

அந்தக் காலத்து பஸ்ஸில் டிரைவர் முன்னால் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் தனியாக உட்கார்ந்திருப்பான். கண்டக்டர் பின்னால். நாள் முழுக்க ஒன்றாக வேலை பார்ப்போம், ஒரு வார்த்தை பேச முடியாது. எல்லாப் பேச்சும் மணியில்தான். ஒன்று அடித்தால் நிறுத்து. இரண்டு அடித்தால் எல்லாம் சரி, கிளம்பு. இரண்டு மணி கேட்டால் கிளிஃபோர்ட் பின்னால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். விரல் முட்டியால் கூண்டுக் கண்ணாடியில் டொக் டொக் என்று பதில் தட்டுவான், வண்டி நகரும். இப்படியே பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓட்டினோம்.

ஊர் கிரிக்கெட் கிளப்பில் அவன் முதலில் பந்து வீசிக்கொண்டிருந்தான். வீசினான் என்று சொல்வது மரியாதைக்குத்தான். கேப்டன் மனம் நோகாமல், "கிளிஃப், உன்ன மாதிரி நேர்மையான ஆளு அம்பயரா நின்னா எப்படி இருக்கும்" என்று கேட்டார். அவனும் புரிந்துகொண்டு வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டான். சனிக்கிழமை ஆட்டத்தின் நடுவில் இரண்டு அணிக்கும் கிளப்பே தேநீர்ப் பலகாரம் வைக்க வேண்டும். உறுப்பினர் வீட்டுப் பெண்கள் முறை வைத்துச் செய்வார்கள். அவன் மனைவி மேவிஸ் ரொட்டிக்கடையில் வேலை பார்த்தாள். "வாரம் பூரா மாவுல நிக்கறேன். சனிக்கிழமையும் நிக்க மாட்டேன். பரிமாறச் சொல்லு, வெட்டிவைக்கச் சொல்லு, செய்யச் சொல்லாத" என்று அவள் சொல்லிவிட்டதால், அந்த வீட்டு முறையை இவன் எடுத்துக்கொண்டான். சாண்ட்விச் வெட்டுவது அவனுக்குக் கேவலமாக இருந்திருக்க வேண்டும். எடுத்த எடுப்பில் ஸ்காட்ச் முட்டையில் இறங்கினான். ருசி பார்த்த கிளப் பிறகு வாராவாரம் அவனையே செய்யச் சொல்லிவிட்டது.

மழையே பெய்யாத அந்தக் கோடையில் ஊர்ப் புல்லெல்லாம் சாக்கு நிறத்துக்கு வந்திருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, காலை ஷிப்ட் முடிந்ததும் வழக்கம்போல அவன் வீட்டுக்குப் போனேன். முட்டை உரிப்பது என் வேலை. கறியில் கைவைக்க எனக்கு அனுமதி கிடையாது.

கிளிஃபோர்ட் முட்டை வேகவைப்பதைப் பார்த்தால் ஏதோ பூஜைக்குத் தயார் செய்கிற மாதிரி இருக்கும். கொதிக்கும் தண்ணீரில் இறக்கியதும் கரண்டியால் மெல்லச் சுற்றிக்கொண்டே இருப்பான். அப்போதுதான் மஞ்சள்கரு நட்டநடுவில் நிற்குமாம். பிறகு குளிர்ந்த தண்ணீர். கறியில் உப்பு, வெள்ளை மிளகு, கொல்லையில் பறித்த சேஜ் இலை, ஒரு சிட்டிகை ஜாதிபத்திரி. உரித்த முட்டையை மாவில் உருட்டி, ஈரக் கையில் தட்டிவைத்த கறிக்குள் வைத்து மூடுவான்.

"முட்டைங்கறது வழுக்கற சரக்கு, பேரி," என்பான் ஒவ்வொரு தடவையும். "மாவு பூசினாத்தான் கறி பிடிக்கும். பூசாம விட்டா வெளிய பாக்கக் கட்டிப்புடிச்சிட்டு இருக்கற மாதிரி இருக்கும். வெட்டினா அது ஒரு பக்கம், இது ஒரு பக்கம்."

"போன வாரமும் இதத்தான் சொன்ன."

"அடுத்த வாரமும் சொல்லுவேன். உரி."

அன்றைக்கு அவன் சொல்லவில்லை. முதல் டஜனை உருட்டி முடிக்கும்வரை வாயே திறக்கவில்லை. கதவு வழியாகக் கூடத்தைப் பார்ப்பதும் கறியைப் பார்ப்பதுமாக இருந்தான். கூடத்தில் என்ன இருக்கிறது, போன்தான் இருக்கிறது. சந்தன நிறப் போன். அடியில் மேவிஸ் பின்னிய விரிப்பு. ஞாயிறு தவறாமல் அதற்குப் பாலிஷ். ஒருமுறை கிளிஃபோர்ட் எண்ணெய்க் கையோடு அதை எடுத்துப் பேசிவிட்டு ஒரு வாரம் ஏச்சு வாங்கியிருக்கிறான். அதற்குப் பிறகு போனில் கறிக்கை படக்கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டமாகிவிட்டது.

போன் அடித்தது.

அவன் இரண்டு கையிலும் மணிக்கட்டுவரை கறி. என் கை ஈரம் மட்டும்தான். நான் எழுந்தேன்.

"எடுக்காத," என்றான். அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. "நீ எடுக்காத. எனக்கு வந்தது."

எழுந்து குழாயடிக்குப் போனான். தண்ணீரைத் திறந்தான். சோப்பைத் தேய்த்தான். கொழுப்பு ஏறிய கை சீக்கிரம் சுத்தமாகுமா? மறுபடி சோப்பு. போன் அடித்துக்கொண்டே இருந்தது. நகத்தைக்கூடத் தேய்த்தான் அந்த மனுஷன். துண்டை எடுத்து விரல் விரலாகத் துடைத்துக்கொண்டு கூடத்தில் கால் வைத்தபோது போன் நின்றுவிட்டது.

கிளிஃபோர்ட் அங்கேயே நின்றான். கை அவ்வளவு சுத்தமாக இருந்தது.

"யாருடா அது?" என்றேன்.

"ஆஸ்பத்திரி."

இடது தாடைக்குக் கீழே ஒட்டியிருந்த பிளாஸ்திரியைத் தொட்டுக் காட்டினான். சவரக் கத்தி கிழித்துவிட்டது என்று டெப்போவில் எல்லோரிடமும் சொல்லியிருந்தான். நானும் நம்பிக் கேலி செய்திருந்தேன்.

"கட்டி. வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிருக்காங்க. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள போன் பண்றேன்னாங்க." கையை எடுத்தான். "எங்கப்பனுக்கும் இதே எடத்துலதான் வந்துச்சு. அடுத்த கிறிஸ்துமஸ் அவர் பாக்கல."

"மேவிஸ்ட்ட சொன்னியா?"

"அவ அக்கா போய் இன்னும் வருஷம் திரும்பல. இப்பத்தான் சிரிக்க ஆரம்பிச்சிருக்கா. முடிவு தெரியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்னு." என்னைப் பார்த்தான். "நீயும் சொல்லக்கூடாது. சத்தியம் பண்ணு."

எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. நான் பிறந்த ஊரில் ஒருவனுக்கு வயிற்றுப்போக்கு என்றால் தெருக்கோடி வரைக்கும் ஆளுக்கொரு கஷாயம் சொல்வார்கள். இவன் கழுத்தில் கத்தி வைத்துக்கொண்டு வந்து, மூன்று வாரமாக என்னோடு மழை வருமா வராதா என்று பேசிக்கொண்டிருந்திருக்கிறான். ஆனாலும் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சத்தியம் செய்தேன்.

"திருப்பி அடி அவங்களுக்கு," என்றேன்.

அடித்தான். ஆஸ்பத்திரிப் பொது எண்ணில் ஒரு பெண் எடுத்து, இருங்கள் என்றாள். இருந்தான். வேறு இடத்துக்கு மாற்றினாள். அங்கேயும் இருந்தான். காதில் போனை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி அவன் நின்ற நேரத்துக்கு ஒரு டஜன் முட்டையை நான் உரித்து முடித்திருந்தேன். கடைசியில் டாக்டரின் அறைக்கே இணைப்புக் கொடுத்தார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆள் இல்லை. எல்லோரும் வீட்டுக்குப் போயாயிற்று, திங்கட்கிழமை கூப்பிடுங்கள் என்றாள் பொது எண் பெண்.

வந்து உட்கார்ந்து இரண்டாவது டஜனை ஆரம்பித்தான். கை அதன்பாட்டுக்கு வேலை செய்தது.

"உனக்குத் தெரியுமா பேரி, பஸ்ல எனக்குப் பயமே வந்ததில்ல. பின்னால என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாது. நீ ரெண்டு மணி அடிப்ப, சரின்னு கிளம்பிருவேன்." கறியை மூடி விளிம்பை ஒட்டினான். "இப்ப மணி அடிக்கத்தான் ஆளக் காணோம்."

சட்டியில் கொழுப்பு காய்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொன்றாக இறக்கினான். கரகரவென்று, பொன்னிறமாக, ஒரு கீறல் இல்லாமல் மேலே வந்தன. பார்க்க எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தன.

மேவிஸ் வந்தபோது கையில் ஒரு அட்டைப்பெட்டி. உள்ளே கஸ்டர்டு வைத்த கேக் மூன்று. கடையிலிருந்து ஒரு பன்கூட வீட்டுக்குக் கொண்டுவராதவள் அவள்.

"என்ன விசேஷம்?" என்றான் கிளிஃபோர்ட்.

"விசேஷம் என்ன, மிச்சம் ஆச்சு." தொப்பியைக் கழற்றாமல் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். "உனக்கு இன்னிக்கு எப்படிப் போச்சு?"

"எப்பவும்போலத்தான்."

"சொல்ற மாதிரி ஒண்ணும் இல்லயா?"

"வெயிலு. தார் ரோடு உருகுது."

"ஓ," என்றாள். டீ போடப் போய்விட்டாள். கேக்கில் பாதியைக்கூட அவன் தின்னவில்லை, அவளும் தின்னவில்லை. சத்தியத்தை வாயில் அடக்கிக்கொண்டு நான் மட்டும் ஒன்றை முழுதாக விழுங்கினேன்.

மறுநாள் பக்கத்து ஊர் அணியோடு ஆட்டம். கிளிஃபோர்ட் வெள்ளைக் கோட்டும் தொப்பியுமாக மைதானத்தின் நடுவில் நின்றான். நான் கிளப் கட்டடத்தின் சமையல் மூலையில் தேநீர்க் கொதிகலனுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். மேவிஸ் பலகையில் ஸ்காட்ச் முட்டைகளைப் பாதியாக வெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். முதல் தட்டு கண்ணுக்குக் குளிர்ச்சி. மஞ்சள் நடுவில், வெள்ளை சுற்றி, கறி அதைச் சுற்றி.

இரண்டாவது தட்டுக்கு ஒன்றை எடுத்து வெட்டினாள். முட்டை நழுவிப் பலகையில் உருண்டது. கறி ஓடு மாதிரி தனியாக நின்றது. அடுத்ததை வெட்டினாள். அதுவும் அப்படியே. மூன்றாவதும்.

கத்தியை நீட்டியபடி என் பக்கம் திரும்பினாள்.

"பேரி, மாவு பூசல."

"அப்படியா?" என்றேன் கொதிகலனைப் பார்த்துக்கொண்டு.

"எங்கம்மாவ அடக்கம் பண்ணின அன்னிக்கும் இவன்தான் முட்டை செஞ்சான். அன்னிக்குக்கூட மாவு மறக்கல. நேத்து என்ன நடந்துச்சு?"

"நான் உரிக்கத்தான் உரிச்சேன், மேவிஸ்."

"போன் வந்துச்சா?"

வாயைத் திறக்காமல் இருந்தால் சத்தியம் பிழைக்கும் என்று நினைத்தேன். பிழைக்கவில்லை. என் முகத்திலேயே எல்லாம் எழுதியிருந்திருக்க வேண்டும்.

"வந்துச்சு. கை கழுவப் போனான். அதுக்குள்ள நின்னுடுச்சு. திருப்பி அடிச்சான், ஆள் இல்ல. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான்."

மேவிஸ் கத்தியைக் கீழே வைத்தாள். "அப்ப அவனுக்குத் தெரியாது," என்றாள்.

"எது தெரியாது?"

"ஒண்ணும் இல்லயாம் பேரி. வெறும் கொழுப்புக் கட்டி. டாக்டரோட செக்ரட்டரி வீட்டுக்கு அடிச்சுப் பாத்துட்டு, யாரும் எடுக்கலன்னு பழைய கார்டுல இருந்த கடை நம்பருக்கு அடிச்சா. பயப்படறதுக்கு ஒண்ணுமே இல்லன்னு சொல்லிருங்கன்னா. வீட்டுக்கும் இன்னொரு தடவ உடனே அடிக்கறேன்னா."

பாத்திரம் கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டேன். அந்த செக்ரட்டரி அடித்திருப்பாள். இவன் ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டுக் காத்துக்கொண்டு நின்றதில் வீட்டு லைன் கிடைத்திருக்காது. மனைவியிடம்தான் சொல்லியாயிற்றே என்று அவளும் கிளம்பியிருப்பாள்.

"நேத்து ராத்திரியே ஏன் சொல்லல?" என்று கத்தியேவிட்டேன்.

"அவனுக்குத் தெரியும்னு நெனச்சேன். கேக் வாங்கிட்டு வந்தேன், கேட்டேன், வெயிலப் பத்திப் பேசறான். சரி, அவனா சொல்ற வரைக்கும் சொல்ல இஷ்டம் இல்லபோலன்னு விட்டேன். அவன் மறைச்சு வெச்சத நான் எப்படி எடுத்துக் கேக்கறது? மரியாதையா இருக்குமா?"

"உங்க மரியாதையத் தூக்கிக் குப்பையில போடுங்க. அவன் நேத்துலேர்ந்து செத்துட்டு இருக்கான்."

அவள் கையில் மாவு பூசாத முட்டை ஒன்றைப் பிடித்தபடியே வெளியே ஓடினாள். நானும் ஓடினேன். எல்லைக்கோடு வந்ததும் நின்றுவிட்டாள். சுண்ணாம்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம் அவள் செருப்பு, அந்தப் பக்கம் காய்ந்த புல். தூரத்தில் அவள் புருஷன் பந்துவீச்சாளனின் ஸ்வெட்டரை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றான்.

"போங்க," என்றேன்.

"ஆட்டம் நடக்குதே. எப்படி உள்ள போறது? ஓவர் முடியட்டும்."

தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஓவர் முடிந்தால் அடுத்த ஓவர் இருக்கிறது, அதற்கும் காத்திருப்பாள். தேநீர் இடைவேளைக்கு இன்னும் எவ்வளவோ நேரம். அக்காவைப் பறிகொடுத்தவள், ஒரு ராத்திரி முழுக்க நல்ல சேதியை வயிற்றில் வைத்துக்கொண்டு படுத்தவள், இந்தச் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டமாட்டாள். அவளைக் குற்றம் சொல்லி என்ன பயன், நானும்தான் அந்தக் கோட்டைத் தாண்டவில்லை. இத்தனை வருஷத்தில் எனக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

அப்போதுதான் கட்டடத்து வாசலில் தொங்கிய மணி கண்ணில் பட்டது. ஆட்டம் தொடங்கும் முன் ஆட்டக்காரர்களைக் கூப்பிட அடிக்கிற பித்தளை மணி. போய்க் கயிற்றைப் பிடித்தேன்.

இரண்டு அடித்தேன். பஸ்ஸில் அடிப்பதுபோலவே, இரண்டையும் சேர்த்து, சுருக்கமாக.

மைதானமே திரும்பிப் பார்த்தது. பந்து வீச ஓடிவந்தவன் பாதியில் நின்றான். மட்டைக்காரன் எவனுக்கு என்ன ஆயிற்று என்று நிமிர்ந்தான். கிளப் செயலாளர் நாற்காலியிலிருந்து, "யாருய்யா அது, அறிவு இருக்கா?" என்றார்.

கிளிஃபோர்ட் மெல்லத் திரும்பினான். கயிற்றோடு என்னைப் பார்த்தான். கோட்டோரத்தில் மேவிஸைப் பார்த்தான். அவள் முட்டை இருந்த கையை மார்போடு வைத்துக்கொண்டு தலையை ஆட்டினாள். ஒரு தடவை ஆட்டியவள் நிறுத்தவே இல்லை. அவள் அழுவது எனக்குத் தெரிந்தது. அவ்வளவு தூரத்தில் அவனுக்குத் தெரிந்ததா, தெரியாது.

அவன் தொப்பியைக் கழற்றினான். முகத்தைத் துடைத்தான். பிறகு விரலை மடக்கி, தாடைக்குக் கீழே அந்தப் பிளாஸ்திரியின்மேல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினான். தொப்பியை மாட்டிக்கொண்டு பந்துவீச்சாளனுக்குக் கை காட்டினான். ஆட்டம் நகர்ந்தது. நான் கட்டடத்துப் படியில் உட்கார்ந்துவிட்டேன். மனதிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்ததுபோல இருந்தது.

இடைவேளையில் வெளியூர்க் கேப்டன் தட்டோடு வந்து, "எதுக்குய்யா அந்த மணி?" என்று கேட்டார்.

"வண்டி கிளம்பலாம்னு அர்த்தம்," என்றான் கிளிஃபோர்ட். அவர் விளங்காமல் சிரித்துவிட்டுப் போனார்.

சமையல் மூலையில் புருஷனும் பெண்டாட்டியும் எதிரெதிராக நின்றார்கள். கட்டிப்பிடித்துக்கொள்வார்கள் என்று பார்த்தால், அதுவும் இல்லை. அவள் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். அவன் தலையைக் குனிந்து கேட்டான்.

"மாவு மறந்துட்ட," என்றாள்.

"ஆமா."

"வெட்டினா எல்லாம் தனித்தனியா வருது. தட்டுல வெக்க முடியல."

"நானே தின்னுடறேன்."

நிஜமாகவே தின்றான். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு அவன் வாயில் ஒழுங்காகப் போனது அதுதான். முட்டையைத் தனியாக, கறியைத் தனியாக, நின்றபடியே. அவளும் ஒன்றை எடுத்துக்கொண்டாள். எனக்கும் ஒன்று கிடைத்தது. மாவு இல்லாவிட்டாலும் ருசிக்குக் குறைவில்லை. அதை இன்றுவரை அவனிடம் நான் ஒப்புக்கொண்டதில்லை.

அம்பயர்கள் வெளியே வரலாம் என்று வாசலிலிருந்து குரல் வந்தது. அவன் வாயைத் துடைத்துக்கொண்டு கிளம்பினான். மேவிஸ் அவன் கோட்டைப் பிடித்து நிறுத்தி, காலரில் ஒட்டியிருந்த ரொட்டித்தூளைத் தட்டிவிட்டாள். தட்டி முடித்தும் கையை எடுக்கவில்லை.

"கிளிஃப்."

"ம்."

"அடுத்த தடவ போன் அடிச்சா, கறிக்கையோட எடு. போன நான் தொடச்சுக்கறேன்."